எதிர்வீட்டிலிருந்து வந்த பார்வையாளர்

தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்த்தித் தலை வாரிவிடும் அம்மாவிடம் சொல்லாததையெல்லாம், மாதத்தில் ஒருநாள் பஸ் ஏறி வந்து பார்க்கும் அம்மாவிடம் ஒரு குழந்தை ஏன் சொல்கிறது? என் மகள் ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. அந்த இரண்டு அம்மாவும் நானேதான் என்பது இதில் கூடுதல் குழப்பம்.

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் எதிரே வயல். வயலைத் தாண்டி ஒரு வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டினால் மகளின் பள்ளிக்கூடம். ஒரு காலத்தில் அது ரைஸ் மில்லாக இருந்ததாம். நெல் அவித்த கொட்டகையில் இப்போது சாப்பாட்டுக்கூடம். நெல்லை ஊறப்போட்ட தொட்டிகளில் ஹாஸ்டல் பிள்ளைகள் துணி துவைக்கிறார்கள். நெல் காயவைத்த பெரிய சிமெண்ட் களத்தில்தான் காலைப் பிரார்த்தனை, கோகோ, ஆண்டு விழா எல்லாம். வெயில் ஏறிவிட்டால் அந்தக் களத்தில் கால் வைக்க முடியாது. அதனால் இந்தப் பள்ளியில் தலைமையாசிரியர் உரை எப்போதுமே சுருக்கமாக முடிந்துவிடும். மற்ற பள்ளிக்கூடங்களும் யோசிக்கலாம்.

நான் கல்யாணம் ஆகி வந்தது திருவிடைமருதூருக்கு. மாமனார், மாமியார் இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. இந்தப் பள்ளி கும்பகோணத்தைத் தாண்டி, பாபநாசம் போகிற பக்கம். சின்னப் பிள்ளை இரண்டு பஸ் மாறி வர முடியாது. "ஆறாவதுலேர்ந்து ஹாஸ்டல் இருக்காமே, அதுவரைக்கும் உள்ளூர்லயே படிக்கட்டும்" என்றார் மாமியார். ஹாஸ்டலில் விடுவதற்கா பெற்றேன் என்று நான் அன்றைக்குப் பெரிய வசனமெல்லாம் பேசி, கணவரைப் போனிலேயே சம்மதிக்கவைத்து, பள்ளிக்கு எதிரிலேயே வாடகைக்கு வீடு பிடித்துக் குடிவந்தேன். வீட்டைப் பார்க்க வந்த மாமியார் வாசலில் நின்று எதிரே பார்த்துவிட்டு, "பக்கத்துலன்னு சொன்ன. இது பள்ளிக்கூடத்துக்குள்ளயேல்ல இருக்கு" என்றார்.

ஏறக்குறைய அப்படித்தான். வரப்பு வழியாக நடந்தால் குக்கர் நாலு விசில் அடிப்பதற்குள் போய்விடலாம். எங்கள் மாடியில் துணி காயப்போடும்போது களம் முழுக்கத் தெரியும். நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை துணி காயப்போடுகிறேன் என்று பக்கத்திலேயே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மகள்தான் ஒருநாள் சொன்னாள்: "அம்மா, பி.டி. பீரியட்ல நீ அந்த மஞ்சள் பெட்ஷீட்டை திரும்பத் திரும்ப உதறின. எல்லாரும் பார்த்தாங்க."

நான் வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்தவள். எதையும் ஆதாரத்தோடு செய்யவேண்டும் என்று நினைப்பவள். குழந்தை வளர்ப்பு பற்றி நிறைய வீடியோக்கள் பார்ப்பேன். ஒருவர், தினமும் குழந்தையிடம் பள்ளியில் நடந்ததைக் கேளுங்கள் என்பார். இன்னொருவர், தயவுசெய்து கேட்காதீர்கள் என்பார். இரண்டையும் சேமித்து வைத்திருக்கிறேன். கேட்பது என் சுபாவத்துக்கு ஒத்துவந்ததால் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"இன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

"மேத்ஸ் மிஸ் ஏதாவது கேட்டாங்களா?"

"கேக்கல."

"மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"நீ குடுத்ததுதான்."

இவ்வளவுதான் எங்கள் சாயங்காலம். பிறகு நான் அவள் முகத்தைப் பார்ப்பேன், பையைப் பார்ப்பேன், சாப்பாட்டு டப்பாவில் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பேன். அவள் டிவி ரிமோட்டைப் பார்ப்பாள்.

இந்தப் பள்ளியின் ஹாஸ்டலில் ஒரு பழக்கம் உண்டு. அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான். "ஏய் பட்டுக்கோட்டை, பக்கெட்டை எடுடி." "வேதாரண்யத்துக்குக் காய்ச்சலாம் மிஸ்." "மன்னார்குடியும் நீடாமங்கலமும் பேசிக்கிறதில்ல." யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, ஆசிரியைகளே சில சமயம் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இந்த மரியாதை கிடையாது. என் மகளுக்கு மட்டும், வீடு கண்ணெதிரே தெரிவதால், 'எதிர்வீடு' என்று ஒரு பட்டம். "எனக்குன்னு ஒரு ஊரே இல்லம்மா" என்று ஒருநாள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். நான் அவளுக்குக் கும்பகோணம் தாலுகாவின் அருமை பெருமைகளை எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டது அதை இல்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பெற்றோர் வந்து பார்க்கும் நாள். காலையிலிருந்தே பஸ்ஸிலும் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து இறங்குவார்கள். அடுக்குக் கேரியர், முறுக்கு டின், புதுச் செருப்பு, தலையணை. களத்து ஓரத்தில் புங்கமரங்கள் இருக்கின்றன. அந்த நிழலில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்துவிடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம் வயலைத் தாண்டி எங்கள் சமையலறை வரை வரும். என் மகள் அன்றைக்கெல்லாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன வருஷம், வயலில் நடவு முடிந்திருந்த சமயம். முதல் ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால் அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து, "அம்மா, இந்தத் தடவை நீயும் என்னைப் பார்க்க வா" என்றாள்.

"எங்கடி?"

"ஸ்கூலுக்கு. நான் காலையிலேயே போயிடுறேன். நீ அப்புறமா வா. வரப்புல வராத, பஸ்ல வா."

"ஏன், வரப்புல வந்தா என்ன?"

"வீட்டுலேர்ந்து வந்த மாதிரி இருக்கும்."

"வீட்டுலேர்ந்துதானே வர்றேன்?"

இந்த அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுபோல் ஒரு மூச்சு விட்டாள். "வார்டன் மிஸ்கிட்ட கேட்டுட்டேன். சிரிச்சாங்க. சிரிச்சா சரின்னு அர்த்தம்."

அந்த இரண்டு நாளும் எனக்கு யோசனைதான். இது விளையாட்டா, ஏக்கமா? போனால் செல்லம் கொடுப்பதாகுமா, போகாவிட்டால் மனம் உடைந்துவிடுமா? வீடியோக்களில் இதைப் பற்றி யாரும் பேசியிருக்கவில்லை. கடைசியில் புளிசாதம் கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, அப்பளம் பொரித்துக் கேரியரில் வைத்துக்கொண்டு, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கைகாட்டி ஸ்டாப் வரை நடந்து டவுன் பஸ் ஏறினேன். அவள் காலையில் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தாள்.

கண்டக்டர் இலவச டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "எங்கம்மா?" என்றார்.

"ஸ்கூல் ஸ்டாப்."

அவர் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். "அதோ தெரியுது பாருங்க. அதுக்கா ஏறுனீங்க?"

"பொண்ணைப் பார்க்கப் போறேன்" என்றேன். எவ்வளவு தூரத்திலிருந்து என்று அவர் கேட்காதது என் அதிர்ஷ்டம்.

அவள் மற்றப் பிள்ளைகளோடு வரிசையாக, கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எல்.கே.ஜி.க்குப் பிறகு அப்படி ஓடி வந்தது அன்றைக்குத்தான். இரண்டு மணி நேரம் முன்புதான் அவளுக்குப் பின்னல் போட்டு அனுப்பியிருந்தேன்.

பாயில் உட்கார்ந்தோம். நான் பழக்கத்தில், "பால் குடிச்ச டம்ளரை அப்படியே வெச்சுட்டு வந்துட்டியே" என்றேன்.

"அம்மா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "பார்க்க வந்தவங்க அப்படிக் கேக்க மாட்டாங்க."

"பின்ன எப்படிக் கேப்பாங்க?"

"நல்லா இருக்கியாடி, எளைச்சுட்டியேன்னு கேப்பாங்க."

"நல்லா இருக்கியாடி? எளைச்சுட்டியே."

"நல்லா இருக்கேம்மா" என்றாள். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. மேத்ஸ் மிஸ்ஸின் செருப்பு வகுப்பிலேயே அறுந்துபோனது. சத்துணவு முட்டையை உரிக்காமல் முழுசாக வாயில் போட்டுக்காட்டிய பெண். ஆண்டு விழா நடனத்தில் அவளை இரண்டாம் வரிசைக்கு மாற்றியது, மாற்றியதற்கு அவள் அழாதது, வீட்டுக்கு வந்த பிறகு பாத்ரூமில் அழுதது. அந்த பாத்ரூம் என் வீட்டு பாத்ரூம். நான் வெளியே நின்று, எவ்வளவு நேரம்டி குளிப்ப என்று கதவைத் தட்டியிருக்கிறேன்.

அப்புறம் புளிசாதத்தை அள்ளிக்கொண்டே சொன்னாள்: "டெஸ்ட்ல மார்க் கம்மியானா நான் நேரா வீட்டுக்கு வர மாட்டேம்மா. மதகுல உக்காந்திருப்பேன்."

"எதுக்கு?"

"மூஞ்சி சரியாகுற வரைக்கும். நீதான் வாசல்லயே நின்னு மூஞ்சியப் பார்ப்பியே."

மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னாள். அவள் நேரம் கழித்து வரும் நாள்களில் எல்லாம் சிறப்பு வகுப்பு நடப்பதாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் அந்தச் சின்ன மதகு மட்டும் எங்கள் மாடிக்குத் தெரியாது. நடுவில் ஒரு வாழைக்கொல்லை மறைக்கும். யோசித்துத்தான் இடம் பிடித்திருக்கிறாள்.

வீடாக இருந்திருந்தால் நான் எத்தனை கேள்வி கேட்டிருப்பேன்! எந்த டெஸ்ட், எத்தனை மார்க், எத்தனை நாளாக இப்படி, தனியாகவா உட்கார்ந்தாய், தண்ணீர் ஓடுகிற இடமாயிற்றே, பாம்பு இருக்குமே. அன்றைக்கு விருந்தாளியாகப் போயிருந்ததால் வாயை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சாதம் வெக்கவா?" என்று மட்டும் கேட்டேன். "வை" என்றாள்.

பக்கத்துப் பாயில் பட்டுக்கோட்டையின் அம்மா. மேல் வகுப்பு என்றாலும், என் மகளுக்கு அங்கே நெருங்கிய சிநேகிதி பட்டுக்கோட்டைதான். அவர்களுக்குத் தேங்காய் மண்டி, அப்பா துபாயில். விடியற்காலையில் கிளம்பிப் பஸ் மாறி வந்திருந்தார் அந்த அம்மா. ஒரு தட்டில் இடியாப்பமும் கறிக்குழம்பும் வைத்து எங்கள் பக்கம் நகர்த்தி, "சாப்பிடுங்க. நீங்க ரொம்பத் தூரமா? எந்த ஊரும்மா?" என்றார்.

நான் வயலைத் தாண்டிக் கையைக் காட்டினேன். "அதோ, அந்த வீடு. மஞ்சள் பெட்ஷீட் காயுதே."

அவர் வீட்டைப் பார்த்தார், கேரியரைப் பார்த்தார், என் நல்ல புடவையைப் பார்த்தார். "எதிர்த்த வீட்டுலேர்ந்தா பார்க்க வந்திருக்கீங்க?" என்று ஆரம்பித்த சிரிப்பு நிற்கவில்லை. "ஏ புள்ள, இங்க வா, இவுங்க பஸ்ல வந்திருக்காங்க!" என்று தன் மகளையும் கூப்பிட்டுச் சொன்னார். பட்டுக்கோட்டை, "எனக்குத் தெரியும் உம்மா, நான்தான் பஸ்ல வரச்சொல்லுன்னு ஐடியா குடுத்தேன்" என்றது.

சிரித்து முடித்ததும் நான் அவரிடம் மெதுவாக, "என்கிட்ட வீட்டுல ஒரு வார்த்தை பேச மாட்டா. இங்க வந்தா இவ்வளவு பேசுறா. உங்க பொண்ணும் இப்படித்தானா?" என்றேன்.

"பேசுவா, பேசுவா. நாலு மணிக்குள்ள ஒரு மாசத்தைக் கொட்டிடுவா" என்றார். பிறகு தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, "ஆனா எல்லாம் பழைய சேதிங்க. காய்ச்சல் வந்துச்சும்மான்னு சொல்லுவா. நான் நெத்தியத் தொட்டுப் பார்த்தா ஜில்லுன்னு இருக்கும்" என்றார். அப்போது அந்த வாக்கியம் எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. இப்போது ராத்திரி பகலாக உறைக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், கண்டுபிடித்துவிட்டோம் என்ற உற்சாகத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். மறுநாள் சாயங்காலம் அவள் வந்து உட்கார்ந்த பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், காலிங் பெல்லை அடித்து உள்ளே வந்து, "நல்லா இருக்கியாடி, எளைச்சுட்டியே" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அம்மா, இது வீடு" என்றாள்.

சரிதான். வாசலில் நின்று முகத்தைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவள் வருகிற நேரத்துக்கு வேண்டுமென்றே கொல்லைப்புறம் போய்ப் பாத்திரம் தேய்ப்பேன். நாலு நாள் கழித்து, "ஏம்மா, என் மேல கோவமா? வாசல்ல நிக்கவே மாட்டேங்குற" என்று கேட்டாள். ஐந்தாம் நாள் மறுபடியும் வாசலில் நின்றேன்.

ஆனால் முதல் ஞாயிறுகள் தொடர்ந்தன. கண்டக்டருக்கு நான் பழகிவிட்டேன். "பொண்ணு நல்லாருக்கா?" என்று விசாரிப்பார். ஒருமுறை மட்டும், வாய்ப்பை வீணாக்கக்கூடாது என்று, கேட்க வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மூன்றாவது கேள்வியிலேயே, "நீ படிச்சுட்டு வந்திருக்க" என்று கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு அவள் பேசியதெல்லாம் பட்டுக்கோட்டையின் உம்மாவோடுதான்.

இந்த வருஷம் அறுவடை முடிந்து, தாளடியில் தெளித்த உளுந்து முளைத்து வயல் மறுபடி பச்சையாக இருந்த ஒரு முதல் ஞாயிறு, அதே புங்கமர நிழல். சாப்பிட்டு முடித்துக் கையைக்கூடக் கழுவாமல் கேட்டாள்.

"அம்மா, ஆறாவதுலேர்ந்து நான் ஹாஸ்டல்ல இருக்கவா?"

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. "எதிர்ல வீட்டை வெச்சுக்கிட்டா?"

"வீடு எங்கயும் போயிடாதே."

"ஹாஸ்டல்ல என்னடி இருக்கு, வீட்டுல இல்லாதது?"

அவள் யோசித்துச் சொன்னாள். "சனிக்கிழமை நான் அங்க விளையாடப் போவேன்ல, அப்ப எட்டாங் கிளாஸ் அக்காங்க எல்லாருக்கும் எண்ணெய் தேய்ச்சு விட்டுக்கிட்டே வாய்ப்பாடு கேப்பாங்க. தப்பாச் சொன்னா தலையில ஒரு தட்டு. அதுல எண்ணெய் நல்லா எறங்கும்னு சொல்லுவாங்க. எல்லாரும் சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன். ஏழாம் வாய்ப்பாடு நான் அங்கதான் கத்துக்கிட்டேன்."

"நான் சொல்லித்தரலையா?"

"நீ சொல்லித்தர்றப்ப நான் தப்பாச் சொன்னா நீ அழுவ."

"நான் எப்படி அழுதேன்?"

"உள்ள போயி அழுவ. மூக்கைச் சிந்திட்டு வருவ."

எட்டாம் வகுப்பு அக்காமார்களுக்கு வேதியியலில் முதுகலைப் பட்டம் கிடையாது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். கேரியரை மூடி அடுக்கினேன்.

போகும்போது வார்டனைப் பார்த்தேன். நல்ல பெண்மணி, என் வயதுதான் இருக்கும். "இடம் கொஞ்சந்தான் இருக்குங்க. கோடை லீவு விடுறதுக்குள்ள சொல்லிட்டீங்கன்னா நல்லது" என்றார். பிறகு தயங்கி, "எதிர் வீடுன்னாலும் ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். மாசம் ஒரு தடவைதான் பார்க்கலாம். மாடியிலேர்ந்து கை காட்டக்கூடாது, மத்தப் பிள்ளைங்களுக்கு அழுகை வரும்" என்றார். பெட்ஷீட் உதறலாமா என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கும் என்றே தோன்றியது.

கணவரிடம் சொன்னேன். "நானும் இங்க கேம்ப்ல ஹாஸ்டல் மாதிரிதானே இருக்கேன். அவ என்கிட்ட வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எவ்வளவு பேசுறா தெரியுமா? ரெண்டாவது வரிசைக்கு மாத்துனதை என்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நான் போனை வைத்துவிட்டு உள்ளே போய் மூக்கைச் சிந்தினேன்.

மாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "அப்ப நீ இங்க வந்துடுவியா?" அதில் குத்தல் எதுவும் இல்லை, எனக்குத்தான் குத்தியது. அவள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் இந்த வாடகை வீட்டில் நான் யாருக்காக இருக்க வேண்டும்? திருவிடைமருதூருக்குப் போய்விட்டால் நிஜமாகவே இரண்டு பஸ் மாறி வந்து பார்க்கும் அம்மா ஆகிவிடுவேன். அவளுக்கும் ஒரு ஊர் கிடைத்துவிடும். அதை நினைத்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

விட்டால், மாதம் ஒருநாள் எல்லாவற்றையும் சொல்லுகிற மகள் கிடைப்பாள். ஆனால் சொல்லும்போது காய்ச்சல் போயிருக்கும். விடாவிட்டால் காய்ச்சல் எனக்குத்தான் முதலில் தெரியும், வேறு எதுவும் தெரியாது. ஒருநாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என்று ஆடிக்கொண்டிருக்கிறேன். அவள் என்னவோ டிரங்குப் பெட்டியின் நிறத்தைக்கூட முடிவு செய்துவிட்டாள்.

லீவு விடுவதற்குள் வார்டனிடம் பதில் சொல்ல வேண்டும். அதனால் உங்களிடம் கேட்கிறேன், வெட்கத்தை விட்டு. பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டவர்கள், விட நினைத்துக் கடைசி நேரத்தில் பெட்டியோடு திருப்பிக் கூட்டிவந்தவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள். வீடு பக்கத்திலேயே இருந்தும் ஹாஸ்டலில் படித்தவர் யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். தைரியமாக இரு என்று மட்டும் எழுதாதீர்கள், அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஹாஸ்டலில் வளர்ந்தவர்கள் எனக்கு ஒன்றை மட்டும் மறைக்காமல் சொன்னால் போதும்: ஒரு மாதத்துச் சேதியை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அம்மாவிடம் சொன்னபோது, எதையெல்லாம் சொல்லாமல் விட்டீர்கள்?